பெண் பார்க்க வந்த லாரியும் மூன்றாம் நம்பர் வால்வும்

பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். நகத்திடுக்கில் இருக்கும் கிரீஸை மட்டும் மறைக்க முடியாது. எலுமிச்சைத் தோல், சீயக்காய், சோப்புத் தூள், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் என்று அம்மா என் விரல்களை ஒரு வாரம் தேய்த்தாள். தோல்தான் போனது, கறுப்பு போகவில்லை. முந்தைய நாள் பத்து விரல்களுக்கும் மருதாணியில் தொப்பி போட்டுவிட்டு, "இது டிசைன்னு நெனச்சுக்குவாங்க" என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டாள்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், சிதம்பரம் ரோட்டின் மேலேயே அப்பாவுக்கு லாரி ஒர்க்‌ஷாப். அதை ஒட்டிப் பின்னால் வீடு. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு நான் அப்பாவோடுதான் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்குத் திமிர் என்றால் அப்படி ஒரு திமிர். கட்டிலில் படுத்தபடியே ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். (வண்டி நிற்காமல் போய்விடும் என்பதால் சரியா தப்பா என்று யாரும் பார்க்க முடியாது. என் புகழுக்கு அதுதான் காரணம்.)

இந்தக் கதைக்கு முன்னால் ஒரு வரன் காரில் வந்து போனது. அந்த மாப்பிள்ளையிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டேதான் ஓட்டுவீங்களா? கருகுற வாசனை வருது." அவர்கள் பஜ்ஜியை முடிக்காமலே எழுந்து போனார்கள்.

அதனால் இந்தத் தடவை அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "பிரிசி, நீ ஒர்க்‌ஷாப்ல கணக்கு பாக்கறேன்னு சொல்லியிருக்கேன். கணக்கு மட்டும்தான் பாக்கற. இன்ஜின்னு ஒரு வார்த்த உன் வாயில இருந்து வந்துச்சு, அவ்ளோதான்."

மேல்பட்டாம்பாக்கத்துச் சித்தி கொண்டுவந்த இடம் அது. சிதம்பரத்தில் பந்தல், ஷாமியானா, சேர் எல்லாம் வாடகைக்கு விடுகிற குடும்பம். மாப்பிள்ளை பெயர் அருள். அப்பா இல்லை. தொழிலைப் பார்த்துக்கொள்வது அம்மா லூர்துமேரிதான். ரொம்பக் கண்டிப்பான அம்மா, அதிகம் பேச மாட்டார்கள் என்று சித்தி முன்கூட்டியே பயமுறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் பட்டுப் புடவையில் சமையலறைக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். வெளியே ஒரு லாரி வந்து நிற்கும் சத்தம். டக், டக், புஸ், டக். டக், டக், புஸ், டக்.

என் காது நாய்க் காது மாதிரி விறைத்துக்கொண்டது.

"யாரோ ரிப்பேருக்கு வந்துட்டாங்கம்மா. இன்னிக்கு லீவுன்னு சொல்லிடு" என்றேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வந்திருந்தது மாப்பிள்ளை வீடு. முகூர்த்த நாள் என்பதால் வேன் கிடைக்கவில்லையாம். அவர்களுடைய லாரியிலேயே வந்துவிட்டார்கள். சும்மா வரவில்லை. மறுநாள் காலைக் கல்யாணத்துக்குப் போகவேண்டிய சேர்களை லாரியின் பின்னால் மண்டபம் மாதிரி வரிசையாகப் போட்டு, கயிற்றால் கட்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக, மணமக்கள் உட்காரும் தங்கக் கலர் சிம்மாசனத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா பாக்கியநாதன். ஆள் பெரிய உருவம். வழியில் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் ஊரெல்லாம் அவருக்குக் கும்பிடு போட்டிருக்கும்.

காபித் தட்டோடு நான் வெளியே வந்தேன். தலை குனிந்திருந்தது. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. மாமா பெருமூச்சு விட்டு அப்பாவிடம் சொன்னார். "வர்ற வழியெல்லாம் வண்டி இழுக்கவே இல்லீங்க. ஆலப்பாக்கத்துலேந்து மாட்டு வண்டி மாதிரி வந்தோம். நைட்டுக்குள்ள சேரு, பந்தல் சாமானெல்லாம் சிதம்பரம் போயாகணும். இன்னா பண்றதுன்னே தெரியல."

"நாசில் போயிருக்கு மாமா" என்றேன்.

காபி டம்ளர்கள் எல்லாம் பாதி வழியில் நின்றன. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காபி இன்னொரு முறை கொதித்திருக்கும்.

"கணக்கு பாக்கற பொண்ணுன்னு சொன்னாங்க?" என்றார் மாமா.

"கணக்கு பாக்கும்போது காதுல விழும்" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் கண்ணில் புரை நீக்கியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலையாட்களுக்கு லீவு. முகூர்த்த நாளில் வேறு லாரியும் கிடைக்காது. லாரி கிளம்பாவிட்டால் சிதம்பரத்தில் ஒரு கல்யாணமே நின்றுகொண்டு நடக்கும். அப்பா கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, "போ" என்றார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை நான் கவனித்தேன்.

பட்டுப் புடவை மேல் அப்பாவின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மொத்த மாப்பிள்ளை வீடும் பின்னாலேயே வந்தது. இன்ஜினை ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். நல்ல சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும். ஏற்கெனவே செத்த சிலிண்டராக இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. மூன்றாவதைத் தளர்த்தியபோது இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. டீசல் மட்டும் பீய்ச்சி என் புடவைத் தலைப்பில் அடித்தது.

"பாத்தீங்களா? மூணாவது நாசில்!" என்று வெற்றிச் சிரிப்போடு திரும்பினேன். இரண்டாவது நாசிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன். மூன்றாவதை இரண்டாவதில் போட்டேன். நாசில்தான் கோளாறு என்றால் இப்போது இரண்டாவது சிலிண்டர் சாக வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்தால், டக், டக், புஸ், டக். செத்தது அதே மூன்றாவது சிலிண்டர்தான். நாசில் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"உன் காது சொன்னதுக்கு ரெண்டு நாசில் கழட்டியாச்சு" என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "அடுத்து மூக்கு இன்னா சொல்லுது?"

எல்லாரும் சிரித்தார்கள். லூர்துமேரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் என் முதல் வார்த்தையைப் பேசினேன்.

"கர்சீப் இருக்குதா?"

நான் அழப்போகிறேன் என்று அருள் நினைத்திருக்க வேண்டும். பதறிப்போய், மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"எனக்கு இல்ல. அத சைலன்சர் வாயில புடிங்க."

பாவம், பிடித்தார். சைலன்சர் என்றால் புகையை வெளியே தள்ள வேண்டும். இது தள்ளிக்கொண்டே நடுநடுவில் கைக்குட்டையை லபக்கென்று உள்ளே இழுத்தது. இன்ஜினுக்குள் புகை வெளியே போவதற்கென்று ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு என்பார்கள். அது சரியாக மூடாவிட்டால் இன்ஜின் வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். "வால்வு! எக்ஸாஸ்ட் வால்வு!" என்று கத்தி நான் கைதட்டிய அதே நொடியில், அது உள்ளே இழுத்ததை எல்லாம் வட்டியோடு வெளியே துப்பியது. அருளின் சந்தனக் கலர் சட்டை கரிக் கலர் சட்டையானது. அவர் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு, "இன்னும் புடிக்கணுமா?" என்று கேட்டார்.

(அந்த நொடியில்தான் எனக்கு அவரைப் பிடித்தது. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டே திரிவார்.)

வால்வை எடுக்க இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும். சூட்டோடு சூடாகக் கழற்றினால் அது வளைந்துவிடும். ஆறும்வரை எல்லாரும் சாப்பிட்டார்கள். அம்மா அவசரமாகச் சமைத்த சாம்பாரில் உப்பு இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. மாப்பிள்ளையிடம் என் அப்பா சம்பளம், படிப்பு எல்லாம் கேட்கவில்லை. "லோடோட மேட்டுல ஏறும்போது புகை ஜாஸ்தியா வந்துச்சா?" என்றுதான் கேட்டார்.

ஆறியதும் முதலில் ஹெட்டின் மேல் மூடியைக் கழற்றினேன். வால்வை அழுத்துகிற இரும்புக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். சூட்டில் இரும்பு நீளும். இடைவெளி இல்லையென்றால் கதவு முழுக்க மூடாது. அந்த இடுக்கில் நெருப்பு புகுந்து கதவின் ஓரத்தைத் தின்றுவிடும். இந்த இடைவெளியைச் சரிபண்ணுவதைத்தான் டேப்பெட் வைப்பது என்போம். அதை அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்று மெல்லிய தகடு இருக்கிறது. மூன்றாவது வால்வில் தகட்டை நுழைத்தேன். நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்தேன். அதுவும் நுழையவில்லை.

காலையிலிருந்து நாசில் விஷயத்தில் பட்ட அவமானம் எல்லாம் சேர்ந்து எனக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"எந்த மகராசன் இந்த டேப்பெட்ட வெச்சான்?" என்று ஆரம்பித்தேன். "கண்ணக் கட்டிக்கிட்டு வெச்சானா, இல்ல கால்ல வெச்சானா? ஃபீலர் கேஜுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதா? இவன் கையில ஸ்பேனரக் குடுத்தவன மொதல்ல உதைக்கணும்! ஒரு நல்ல வால்வக் கொன்னுருக்கான் படுபாவி!"

என் எதிரில் நின்ற அருள் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன். மாமா திடீரென்று வானத்தைப் பார்த்தார்.

"அவன் இல்லம்மா" என்று ஒரு குரல் கேட்டது. "அவ. நான்தான் வெச்சேன்."

லூர்துமேரி அம்மா.

அந்த வண்டிக்கு ஆயில் மாற்றுவது, ஃபேன் பெல்ட் மாட்டுவது எல்லாமே அவர்கள்தானாம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. (பொண்ணு வூட்ல இன்னா நெனப்பாங்களோ என்று அவர்களும் மறைத்திருக்கிறார்கள்! இரண்டு குடும்பமும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம்.)

"மேல டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சு" என்றார்கள் நிதானமாக. "சத்தம் போற வரைக்கும் டைட் பண்ணேன். சத்தம் போயிடுச்சு."

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். கடவுள் சத்தியமாக மூடத்தான் நினைத்தேன்.

"வால்வும் சேந்து போயிடுச்சு அத்தை" என்றது என் வாய்.

என் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றப்போகிறாள் என்று தெரிந்தது. லூர்துமேரி அம்மா குடையை மடக்கினார்கள். குத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். குடையை ஓரமாகச் சாத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ம், கழட்டு. எப்படி இருக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்றார்கள்.

ஹெட்டை நானும் அருளும் மாமாவும் சேர்ந்து தூக்கி இறக்கினோம். மூன்றாம் நம்பர் வால்வின் ஓரத்தில் எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு துண்டே காணவில்லை. எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். லூர்துமேரி அம்மா அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அப்பாவின் பரணில் புது வால்வும், ஹெட்டுக்கு அடியில் போடுகிற கேஸ்கெட்டும் இருந்தன. புது வால்வு அதன் இருக்கையில் ஒட்டி உட்கார வேண்டுமென்றால் மணல் மாதிரி நறநறக்கும் பசையைத் தடவி, ஒரு குச்சியை வால்வில் ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். அதை மாப்பிள்ளையின் சித்தி ஒருவர் பார்த்துவிட்டு, "இது மோர் கடையறதுதானே, குடு" என்று வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வரிசை கட்டிவிட்டார்கள். பாக்கியநாதன் மாமா சிம்மாசனத்தைக் கீழே இறக்கச் சொல்லி, அதில் உட்கார்ந்து தன் பங்குக்குக் கடைந்தார். அதன் பிறகு வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. ஒர்க்‌ஷாப்பே கைதட்டியது. ரோட்டில் போன டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள். நிஜமாகவே விசேஷம்தான்.

இந்தச் சந்தோஷத்தில் அம்மாவும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். எப்படியாவது இந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தட்டு நிறையக் கேசரியோடு வந்து, ஒர்க்‌ஷாப் மேஜையிலேயே வைத்தாள்.

வால்வில் கடைசி வேலை, அதன் ஸ்பிரிங்கை அழுத்தி லாக் போடுவது. லாக் என்பது ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கிற, பிறை நிலா மாதிரி ஒரு குட்டி இரும்பு. பாதி முந்திரிப்பருப்பு அளவு இருக்கும். ஒரு வால்வுக்கு இரண்டு. ஒன்றைப் போட்டுவிட்டேன். இன்னொன்றைப் போடும்போது அருள் என் பக்கத்தில் குனிந்து, "உங்களுக்கு வேற ஏதாவது புடிக்குமா? சினிமா, பாட்டு மாதிரி?" என்று கேட்டார். என் கை நழுவியது. ஸ்பிரிங் துள்ளியது. 'டிங்' என்று ஒரு சத்தம். லாக்கைக் காணோம்.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினேன்.

தேடினோம். மாமா பட்டு வேட்டியோடு நாலு காலில் தவழ்ந்தார். அருள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் புடவைக் கொசுவத்தை உதறினார்கள். அப்பா தன் பழைய டப்பாக்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த சைசு ஸ்டாக்கு இல்ல" என்றார். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முந்திரி அளவு இரும்பு இல்லாமல் லாரி நகராது, சேர் போகாது, என் கல்யாணமும் போச்சு. நான் கிரீஸ் கையோடு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். (போட்டோ இருக்கிறது. நெற்றியில் அஞ்சு விரலும் பதிந்திருக்கும்.)

தேடாமல் இருந்தது லூர்துமேரி அம்மா மட்டும்தான். அவர்கள் மேஜையோரம் நின்று அமைதியாகக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடக்.

எல்லாரும் திரும்பினோம். அவர்கள் வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார்கள். கேசரி கலரில் வால்வு லாக்.

"எந்த மகராசி இந்தக் கேசரிய வெச்சா?" என்றார்கள், என் குரலிலேயே. "கண்ணக் கட்டிக்கிட்டு வெச்சாளா, இல்ல கால்ல வெச்சாளா?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மாமா தரையில் தவழ்ந்த நிலையிலேயே சிரிக்க ஆரம்பித்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே படுத்துவிட்டார். அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள் கண் கலங்கி, டாக்டர் அழக்கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ஹெட்டை ஏற்றி, டேப்பெட்டை நானும் அத்தையும் சேர்ந்தே வைத்தோம். தகட்டை அவர்கள் நுழைத்தார்கள், நட்டை நான் முறுக்கினேன். ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அழகாக ஓடியது. புஸ் இல்லை. இருட்டுவதற்குள் எல்லாரும் அவரவர் சேரில் ஏறிக்கொண்டார்கள். அத்தை கேபினில் இருந்து தலையை நீட்டி, "சத்தம் எப்படிம்மா இருக்குது?" என்றார்கள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். "இப்ப மட்டும் வாயடச்சுப் போச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் கல்யாணத்துக்குச் சேர் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக மாமா போன் செய்தார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. அக்கா ஒரே ஒரு கண்டிஷன் சொல்லுது" என்றார். அம்மா நகையைப் பற்றி இருக்கும் என்று பயந்து ஸ்பீக்கரில் போட்டாள். "திட்டறதுக்கு முன்னாடி, செஞ்சது யாருன்னு ஒரு வார்த்த கேட்டுக்கணுமாம். அவ்ளோதான்."

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கண்டிஷனை இங்கே ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். வீட்டில் ஃபேன் ஓடவில்லையா, மிக்ஸி கத்துகிறதா, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லையா, நான் ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் அத்தை கூடத்தில் நின்று, "மருமக வாயைத் தொறக்கப் போறா, கடைசியா கை வெச்சவுங்க இப்பவே கையைத் தூக்கிடுங்க!" என்று அறிவிப்பார்கள். விருந்தாளிகள்கூடப் பயந்துபோய்க் கையைத் தூக்குவார்கள்.

போன வாரம் கிரைண்டர் நின்றுபோனது. அத்தை அறிவித்தார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. அருள் இல்லை என்றார். அத்தையும் இல்லை என்றார்கள். நான் திறந்து பார்த்தால், பெல்ட்டைத் தப்பாக மாட்டி, அது உரசி அறுந்திருக்கிறது. "எந்த மகராசன்..." என்று ஆரம்பித்தவள், தீபாவளிக்கு முன்னால் அதை மாட்டியது யார் என்று நினைவு வந்து நிறுத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் அத்தையும் அருளும் சுவரில் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல், நான் எப்போது கையைத் தூக்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கினேன். ஸ்பேனரோடு.